மூணு மாடி ஏறின சப்பூபர்

நான் இப்போ சொல்லப்போறதுல ஒரு எழுத்து கூடப் பொய் இல்ல. என் ரெண்டு காது மேல சத்தியம். தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணலாமேன்னு கேப்பீங்க. தலை எனக்குச் சொந்தம் இல்லீங்க. கல்யாணத்தன்னிக்கே ஒப்படைச்சாச்சு. மிச்சம் காதுதான். அதுவும் அவ திருகும்போது அவளுது, மத்த நேரம் என்னுது.

என் தொழில் வீடு மாத்துறது. அடுத்தவங்க வீட்டை. ஒரு டெம்போ, நாலு கயிறு, ரெண்டு போர்வை, ஒரு வாய். இதுதான் என் முதல். மாடிப்படி வளைவுல பீரோவைச் சிராய்ப்பு இல்லாமத் திருப்பணுமா? என்னைக் கூப்பிடுங்க. பிரிட்ஜை முதுகுல கட்டி நாலு மாடி ஏத்தணுமா? கூப்பிடுங்க. எங்க வீட்டு நாற்காலியை நாலு விரக்கடை நகர்த்தணுமா? அதுக்கு மட்டும் கூப்பிடாதீங்க. அதுக்கு உத்தரவு வேற இடத்துலேர்ந்து வரணும்.

பதினஞ்சு வருஷமா பாக்குறேன். எந்த வீடா இருந்தாலும் கடைசியா இறங்குறது டிவியும் ஸ்பீக்கரும்தான். இறக்கி முடிச்சதும் வீட்டுக்காரர் ஒயரைச் சொருகி, "வேலை செய்யுதான்னு பாத்துடலாம்"னு ஒரு பட்டனைத் தட்டுவாரு. டம்ம்ம்! தரை வழியா வந்து, உள்ளங்கால்ல ஏறி, நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து உக்காரும் பாருங்க அந்தச் சத்தம். நான் தோள்ல கயிறோட வாசப்படியில நிப்பேன். அரை நிமிஷம். அப்புறம் "சரிண்ணே, போயிட்டு வாங்க"ன்னு கதவைச் சாத்திடுவாங்க. இப்படி அரை அரை நிமிஷமாத்தான் நான் இத்தனை வருஷம் பாட்டு கேட்டிருக்கேன். ஒரு நாளாவது நம்ம வீட்டுல, நம்ம நாற்காலியில, முழுசா ஒண்ணைக் கேக்கணும். இதுதாங்க என் ஆசை. இது பேராசையா? நீங்களே சொல்லுங்க. அவகிட்ட கேக்காதீங்க.

அவளைப் பத்திச் சொல்லணும். வேண்டாம்னாலும் சொல்லித்தான் ஆகணும். துணிக் கம்பெனியில செக்கிங் வேலை. தச்சு வர்ற சட்டையை ஒரு உதறு உதறி, ஒரு திருப்பு திருப்பி, எங்க நூல் பிசிறு, எங்க தையல் விட்டிருக்குன்னு பாக்கணும். குத்தம் இருக்கிற இடத்துல குட்டியா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். ஒட்டின சட்டை தச்ச ஆள்கிட்டயே திரும்பிப் போகும். அவ கண்ணுக்குத் தப்பி ஒரு பட்டன் கூட அந்த கேட்டைத் தாண்டினது இல்ல. புருஷன் எங்க தாண்டுறது?

சுருள்ல மிச்சமாகிற ஸ்டிக்கர் வீட்டுக்கும் வரும். வீட்டுல ஏதாவது ஆடினா, உடைஞ்சா, கழண்டா வாயால ஒரு தடவைதான் சொல்லுவா. நான் "ஞாயித்துக்கிழமை"ம்பேன். மறுபடி சொல்ல மாட்டா. அம்பு ஒட்டிடுவா.

குளியலறைத் தாழ்ப்பாள்ல ஒரு அம்பு. ஜன்னல் கண்ணாடியில ஒண்ணு. சமையக்கட்டு ஷெல்புல மூணு. கட்டில் கால், டியூப் லைட் மூடி, ஜன்னல் பக்கம் நான் குவிச்சு வச்சிருக்கிற பழைய சாமான், பரண் கதவு... ஆறு வருஷத்துல பதினாலு அம்பு. சிவப்பு வெளுத்து ரோஸ் ஆச்சு. ரோஸ் வெளுத்து வெள்ளையாச்சு. அதைப் பாத்தாலே ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துடும். அதனால நான் பாக்குறதே இல்ல. அம்பு இருக்கிற பக்கம் திரும்பாமலே ஒரு வீட்டுல ஆறு வருஷம் எப்படி நடக்கிறதுன்னு கேளுங்க, சொல்லித் தர்றேன். கழுத்து கொஞ்சம் வலிக்கும். அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு தம்பி. சவுண்டு சர்வீஸ் கடை வச்சிருக்கான். போன மாசம் ஒரு நாள் போன் பண்றான்.

"மாமா, கடையில ஒரு ஹோம் தியேட்டர் செட்டு சும்மா கெடக்கு. ஒரு ரிசீவர், அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர். இடத்தை அடைக்குது. உங்க வீட்டுல வச்சுக் கேக்குறீங்களா?"

"மாப்ளே... நெசமாவா?"

"நெசமாத்தான் மாமா."

"உங்க அக்கா?"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைச்சான். அப்புறம் சொன்னான்: "அக்காகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் மாமா. சத்தியம்."

இந்தச் சத்தியத்தை அப்படியே ஒரு ஓரமா வச்சுக்குங்க. பின்னாடி தேவைப்படும்.

அன்னிக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். ஆம்பளைன்னு ஒருத்தன் இந்த வீட்டுல இருக்கான்னு காட்டிடணும். சனிக்கிழமை அவளுக்கு ரெண்டு மணி வரைக்கும் வேலை. காலையில அவ கிளம்பினதும் செட்டை ஏத்துறேன். மாட்டுறேன். அவ ரெண்டரைக்குக் கதவைத் தொறக்கிறா. டம்ம்ம்னு ஒரு பாட்டு. அவ மயங்குறா. மயங்கலைன்னா? அதை நான் யோசிக்கல. யோசிச்சிருந்தா கையும் காலும் ஓடியிருக்காது.

சனிக்கிழமை காலை ஒம்பது மணி. டம்ம்ம்னு அதிர வைக்கிற பெட்டியைச் சப்ஊஃபர்னு அவன் சொல்றான், என் வாய்க்குச் சப்பூபர்னுதான் வருது. கறுப்பா, சதுரமா, ஒரு ஆள் கனம். முதுகுல கட்டி ஏறுறேன். பதினஞ்சு வருஷத்துல எத்தனை பீரோ தூக்கியிருப்பேன்! ஒரு நாளும் படியில நின்னது இல்ல. அன்னிக்கு ஒவ்வொரு படிக்கும் நின்னு கீழ எட்டிப் பாத்தேன். கனத்துல இல்ல.

ரெண்டாவது மாடியில ஒரு கதவு தொறந்துச்சு. விசில் சார். ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்து ஓய்வானவரு. ஆள் ஓய்வாயிட்டாரு, கழுத்துல விசில் இன்னும் ஆகல.

"தம்பி! நில்லு! என்ன பெட்டி அது?"

"வாஷிங் மெஷின் சார்."

"நாலு பக்கமும் மூடியிருக்கு? துணியை எது வழியாப்பா போடுவ?"

"புது மாடல் சார். துணியை வெளியவே வச்சுத் துவைக்கும்."

அவரு பெட்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. என் பொண்டாட்டி அவருக்குப் பாப்பா. "மத்தியானம் பாப்பா வரட்டும். எப்படித் துவைக்குதுன்னு கேட்டுக்கிறேன்."

"சார்! பாப்பாகிட்ட எல்லாம் கேக்காதீங்க சார்! அது பாவம், களைச்சு வரும்!"

"ஏம்ப்பா இப்படி வேர்க்குது உனக்கு?"

"பெட்டி கனம் சார்."

"பெட்டியை இறக்கி வச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சேப்பா."

ஒரு வழியா எல்லாத்தையும் ஏத்தி ஹால்ல பரப்பினேன். ரிசீவர் பின்பக்கத்தைப் பாத்தேன். அத்தனை ஓட்டை. சிவப்புத் திருகு, கறுப்புத் திருகு, வரிசையா என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுது. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாமா, பயப்படாதீங்க. ஒயர் நுனியைச் சீவிக்குங்க. சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல."

"மாத்திக் குடுத்தா வெடிக்குமா?"

"வெடிக்காது. ஒரு ஸ்பீக்கர் முன்னாடி தள்ளும், இன்னொண்ணு பின்னாடி இழுக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பேஸ், அதான் அந்த டம்ம்ம், செத்துடும்."

"எங்களை மாதிரியா?"

"உங்களை மாதிரிதான். ஆனா அதுல பேஸ் மட்டும்தான் சாகும்."

சீவினேன். சொருகினேன். முன்னாடி ரெண்டு, டிவிக்குக் கீழ ஒண்ணு, நாற்காலிக்குப் பின்னாடி ரெண்டு. மாடிப்படியில ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் ஒயரோட சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். பால்காரர் ஒரு தடவை, தபால்காரர் ஒரு தடவை, யாருமே இல்லாம ரெண்டு தடவை. மணி பன்னெண்டு.

"மாப்ளே, இந்தச் சப்பூபரை எங்க வைக்கிறது?"

"நீங்க உக்கார்ற நாற்காலி மேல வைங்க."

"அப்ப நான்?"

"நீங்க தவழணும் மாமா."

"என்னது?"

"பேஸ் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கேக்காது. பெட்டியை உங்க நாற்காலியில வச்சுப் பாட்டைப் போட்டுட்டு, நீங்க ஹால் முழுக்க முட்டி போட்டுத் தவழ்ந்து காதைத் தரையோரமா வைங்க. எந்த இடத்துல நல்லாக் கேக்குதோ, அங்கதான் பெட்டியை வைக்கணும். அப்ப நாற்காலியில நீங்க உக்காந்தா அதே மாதிரி கேக்கும். உலகம் பூரா இப்படித்தான் பண்றாங்க."

உலகம் பூரா புருஷனுங்க தவழ்றாங்கங்கிறது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். சரின்னு தவழ ஆரம்பிச்சேன். நாற்காலியில ராசா மாதிரி சப்பூபர். தரையில நான். டிவிக்குக் கீழ சுமார். கதவுப் பக்கம் ஒண்ணுமே இல்ல. சமையக்கட்டு வாசல்ல டும்டும்னு நல்லாக் கேட்டுச்சு. இதுதான் இடம்னு காதைத் தரையோட ஒட்டிக் கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணைத் தொறந்தா, மூக்குக்கு முன்னாடி ரெண்டு செருப்பு.

பழக்கமான செருப்பு. ரெண்டரைக்கு வர வேண்டியது, முன்னாடியே வந்துடுச்சு.

பாட்டை நிறுத்தலாம்னு பாத்தேன், ரிமோட்டு நாற்காலி மேல. சப்பூபர் மடியில.

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. கம்மல்."

"யாரு கம்மல்?"

இதுக்கு என்ன பதில் சொன்னாலும் ஆபத்துன்னு புரிஞ்சு வாயை மூடிக்கிட்டேன். என் வாயே மூடிக்கிச்சுன்னா நிலைமையைப் பாத்துக்குங்க.

அவ மெதுவா பையை மாட்டினா. மெதுவா ஹாலைச் சுத்தினா. ஸ்பீக்கரை ஒண்ணொண்ணா, சட்டையைப் பாக்குற மாதிரி முன்னாடி ஒரு பார்வை, பின்னாடி ஒரு பார்வை. ஒரு வார்த்தை பேசல. அவ கத்தினா எனக்குப் பயமே இல்லீங்க. கத்துறது மழை மாதிரி, பெஞ்சு ஓஞ்சிடும். அவ சத்தம் குறையக் குறையத்தான் எனக்குக் குலை நடுங்கும். அன்னிக்குச் சத்தமே இல்ல.

"நல்லாத்தான் இருக்கு. வச்சுக்குங்க."

"என்னம்மா?"

"வச்சுக்குங்கன்னேன்."

அப்பத்தான் எனக்கு நெசமாவே பயம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் ஒத்திகை.

"ஆனா ஒண்ணு. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் இங்க உக்காந்து கேப்பேன். அந்தப் பெட்டி சத்தம் மட்டும்தான் கேக்கணும். அது அதிர்ற அதிர்வுல வீட்டுல வேற எதுவாவது ஒரு கிணுக்குன்னு சொல்லுச்சு, பெட்டி வந்த வழியே போயிடணும். சம்மதமா?"

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்." சொல்லிட்டு ஜன்னல் பக்கம் மூலைக்குப் போய் நின்னா. "அங்க என்ன தவழ்றீங்க? இங்க வந்து கேளுங்க. இங்கதான் நெஞ்சுல அடிக்குது."

அங்க என் பழைய சாமான் குவியல். உடைஞ்ச பேன், கால் போன ஸ்டூல், என்னைக்காவது வேணும்னு எடுத்து வச்ச அட்டைப்பெட்டி. தவழ்ந்து போய் காதை வச்சேன். சமையக்கட்டுல கேட்டதை விடக் கொஞ்சம் கம்மிதான்.

"நல்லா இருக்கா?"

"பிரமாதம்மா." என் பயம் அந்த மாதிரி.

ஞாயித்துக்கிழமை மூலையைக் காலி பண்ணினேன். ஆறு வருஷக் குப்பை. ரெண்டு நடை டெம்போவுல போச்சு. அங்க பிளக் பாயிண்ட் இல்ல. மச்சான் வந்து போட்டுக் குடுத்தான். போட்டுட்டு மேலே சுவத்தைப் பாக்குறான்.

"மாமா, இங்க ஒரு லைட்டும் போட்டுடுவோமா?"

"சப்பூபருக்கு எதுக்குடா லைட்டு?"

"இருட்டு மூலையில வச்சா பேஸ் மங்கும் மாமா."

"அப்படியா?"

"ஆமா. அக்கா... ஆமா, அக்கறையாச் சொல்றேன்."

போட்டான். தொழில் தெரிஞ்சவன் சொல்றான், நான் என்னத்தைக் கண்டேன்? பெட்டியை மூலையில வச்சு, கீழ தடியா ஒரு ரப்பரைப் போட்டு, நாற்காலியில உக்காந்தேன். பட்டனைத் தட்டினேன்.

டம்ம்ம்னு ஒண்ணு வந்துச்சு. கூடவே கிணுகிணு, சடசட, ங்ங்ங், டக்டக், டிர்ர்ர்ர்! வீடே பல்லைக் கடிக்குது. ஜன்னல் கண்ணாடி நடுங்குது. தாழ்ப்பாள் தானா ஆடுது. ஷெல்புல பாத்திரம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதுது. எனக்குத்தான் பயம்னு நெனச்சேன், வீட்டுக்கே பயம்.

அவ சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்தா. காலண்டரைப் பாத்தா. உள்ள போயிட்டா.

அந்த வாரம் இருக்கே, அந்த மாதிரி ஒரு வாரம் என் எதிரிக்கு வரட்டும். வேலை முடிஞ்சு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமா அலைஞ்சேன். பாட்டைப் போடு, ஓடிப் போய் எது அதிருதுன்னு கையை வச்சுப் பாரு, முறுக்கு, மறுபடி போடு. ஒரு வசதி என்னன்னா, தேடவே வேண்டாம். எங்க அதிருதோ அங்க கரெக்டா ஒரு அம்பு இருந்துச்சு! வெளுத்துப் போன அம்பு. அட, நம்ம ஆளு அப்பவே கண்டுபிடிச்சு வச்சிருக்காளேன்னு சந்தோஷமா இருந்துச்சு. என்னை மாதிரி ஒரு முட்டாளை நீங்க பாத்திருக்கீங்களா? பாருங்க. நல்லாப் பாருங்க.

திங்கள் ஜன்னல் கண்ணாடிக்குப் பசை. செவ்வாய் தாழ்ப்பாளுக்குப் புது ஆணி. புதன் ஷெல்பு முழுக்கக் கழட்டி, சுவத்துல ஆழமா முளை அடிச்சு மாட்டினேன். வியாழக்கிழமை கட்டில் காலை முறுக்கிக்கிட்டு இருக்கேன், வாசல்ல விசில். வாயால இல்ல, நெசமான விசில்.

"தம்பி! உன் வாஷிங் மெஷின் துவைக்கிற துவையில என் பல்செட்டு டம்ளருக்குள்ள நீச்சல் அடிக்குது!"

"சார், சத்தம் போடாதீங்க, அவ வர்ற நேரம்..."

"ஏன் போடக்கூடாது? என் வீட்டு ஜன்னல் ஷட்டர் நாலு நாளாத் தந்தி அடிக்குது. பாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா!" சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். "என்ன சொன்னா?"

"'எங்க வீட்டுக்காரரு நல்லா முறுக்குவாரு, கூட்டிட்டுப் போங்க'ன்னுச்சு."

அவரு வீட்டு ஷட்டரையும் முறுக்கினேன். பல்செட்டு டம்ளருக்கு அடியில துணி மடிச்சு வச்சேன். பல்லை மட்டும்தான் முறுக்கல.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. பதிமூணு இடம் சரி பண்ணியாச்சு. தைரியமா நாற்காலியில உக்காந்து பட்டனைத் தட்டினேன். டம்ம்ம். ஆஹா. கண்ணாடி கப்சிப். தாழ்ப்பாள் கப்சிப். பாத்திரம் கப்சிப். அப்போ மேலேர்ந்து ஒரு சத்தம்.

கிர்ர்ர்... கிலுகிலு... கிர்ர்ர்.

முடி எல்லாம் நட்டுக்கிச்சு. பாட்டை நிறுத்தினா அது நிக்குது. போட்டா அதுவும் போடுது. யாரோ மேல உக்காந்து பல்லை ஆட்டுற மாதிரி. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, வீட்டுல வேற யாரோ இருக்காங்கடா!"

"யாரும் இருக்க மாட்டாங்க மாமா. பரண்ல பாத்தீங்களா?"

"நான் இன்னும் எங்கேர்ந்து சத்தம்னே சொல்லலியேடா?"

"சத்தம்னா... பரண்லதான் மாமா இருக்கும். பொதுவா."

ஏணி போட்டு ஏறினேன். கதவுல பதினாலாவது அம்பு. தொறந்தா உள்ள என் கயிறு, என் தார்ப்பாய், என் சாக்கு. ஒண்ணொண்ணா இறக்கினேன். அத்தனைக்கும் அடியில, சுவத்தோட ஒண்டிக்கிட்டு, அவளோட மோட்டார் தையல் மெஷின். கல்யாணத்துக்கு முன்னாடி அவ வேலை செஞ்சு வாங்கினது. "கொஞ்ச நாளைக்கு மேல இருக்கட்டும்மா, என் கயிறை இங்க வச்சுக்கிறேன்"னு நான்தான் ஏத்தினேன். எப்போன்னு கேக்காதீங்க. சக்கரம் தளர்ந்து ஆடுது. டிராயர்ல நூல் சுத்துற பாபின் கிலுகிலுங்குது.

இறக்கினேன். மேலயே விட்டா அதிருமே! சக்கரத்தை முறுக்கினேன். முறுக்கியும் கீச்சுன்னுச்சு. எண்ணெய் விட்டேன். பெல்ட்டு தொளதொளன்னு இருந்துச்சு, அதையும் மாத்தினேன். துரு துடைச்சேன். பாபினைப் பஞ்சுல சுத்தி வச்சேன். பக்கத்துல வந்து அவ டீ டம்ளரை நீட்டினா. அந்த வாரத்துல முதல் டீ.

"பாத்துங்க. கையில குத்திக்கப் போறீங்க."

குரல் என்னமோ மாதிரி இருந்துச்சு. நான் அவ மூஞ்சியைப் பாக்கல. பயம்.

சனிக்கிழமை. நாலு மணி. அவ என் நாற்காலியில உக்காந்தா. நான் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். இதயம் அடிக்கிற அடியில அதுவே ஒரு சத்தம்னு எழுதிடுவாளோன்னு மூச்சைப் பிடிச்சேன்.

"போடுங்க."

போட்டேன்.

டம்ம்ம்ம். மூணு நிமிஷம். முழுசா மூணு நிமிஷம். ஒரு கண்ணாடி பேசல, ஒரு கரண்டி பேசல. தரை வழியா வந்து, உள்ளங்கால்ல ஏறி, நெஞ்சுல உக்காந்துச்சு. வாசப்படியில இல்ல, வீட்டுக்குள்ள. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அவ எழுந்தா. "ஒரு பிசிறு இல்ல."

பதினஞ்சு வருஷ வாழ்க்கையில அவ வாயால அந்த வார்த்தை வந்தது அதான் முதல். "அப்ப பெட்டி இருக்கும்தானே?"ன்னு நான் கேக்கல, கேக்க வாயைத் தொறந்தேன். காலிங்பெல் அடிச்சுது.

மச்சான். கையில கயிறு. என்னைப் பாக்காம தரையைப் பாத்துக்கிட்டே சொல்றான்:

"மாமா... செட்டை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"எடுக்கவா? எங்கடா?"

"கடைக்கு. அக்கா ஒரு வாரத்துக்குத்தானே கேட்டுச்சு."

நான் அவளைப் பாத்தேன். அவ கையில ஒரு அட்டை. அதுல வரிசையா பதினாலு அம்பு, கிழியாம உரிச்சு ஒட்டியிருக்கா.

"ஏண்டா, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே!"

"நான் எங்க மாமா சொன்னேன்? அக்காதான் என்கிட்ட சொல்லிச்சு."

"ஏம்மா!" அவ பக்கம் திரும்பினேன். "நான் செஞ்சு தந்திருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தை சொன்னேன். ஆறு வருஷம் அம்பு ஒட்டினேன். நீங்க அந்தப் பக்கமே திரும்பல. அதான் சத்தம் போடுற அம்பா ஒண்ணு வரவழைச்சேன்."

"நிபந்தனையில நான்தானே ஜெயிச்சேன்? எதுவும் அதிரலையே!"

"அதிர்ந்தா பெட்டி போயிடணும்னு சொன்னேன். அதிரலைன்னா இருக்கும்னு எப்பங்க சொன்னேன்?"

யோசிச்சுப் பாத்தேன். சொல்லல. நீங்களும் யோசிச்சுப் பாருங்க, சொல்லியிருக்க மாட்டா.

"தம்பி, நீ தூக்காத. மூணு மாடி, இடுப்பு பிடிச்சுக்கும். மாமாவுக்குப் பழக்கம்."

தூக்கினேன். இறக்கினேன். ரெண்டாவது மாடியில கதவு தொறந்துச்சு.

"என்ன தம்பி, வாஷிங் மெஷின் போகுது?"

"துவைச்சு முடிச்சிடுச்சு சார்."

மேல வந்தா, ஜன்னல் மூலை. சுத்தமான மூலை. புது பிளக், தலைக்கு மேல லைட்டு, தடியா ஒரு ரப்பர். ரப்பர் மேல, அளவெடுத்த மாதிரி, தையல் மெஷின். மங்காத வெளிச்சத்துல அவ உக்காந்திருக்கா. அடுத்தவங்க தச்சதுல பிசிறு பாத்தது போதும்னு செக்கிங் வேலையை விட்டுட்டாளாம். மாடியில ஆறு வீட்டுத் துணி ஏற்கனவே வந்தாச்சு. குவியலுக்கு மேல கெடந்தது விசில் சார் பேன்ட்டு.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உக்காருங்க. உங்க நாற்காலிதானே?"

உக்காந்தேன். மடியில ஒரு மூட்டைச் சட்டை வந்து விழுந்துச்சு, மேல ஊசி நூல், ஒரு டப்பா பட்டன். என்னமோ நெத்தியில ஜில்லுன்னு பட்டுச்சு. தொட்டுப் பாத்தேன். புது அம்பு. நல்ல சிவப்பு.

மெஷின் ஓட ஆரம்பிச்சுது. டகடகடகடக.

நம்ம வீட்டுல, நம்ம நாற்காலியில உக்காந்து, முழுசா ஒண்ணைக் கேக்கணும்னு ஆசைப்பட்டேன்ல? இப்போ தினமும் எட்டு மணி நேரம் கேக்குறேன்.

சரி, கதை முடிஞ்சுதுன்னு எங்க நழுவுறீங்க? ஓசியிலயா கேட்டீங்க? ஆளுக்கு ஒரு சட்டை எடுங்க. ஒரு சட்டைக்கு ஏழு பட்டன், அதான் என் கூலி. இழுத்துக் கட்டித் தைங்க, பிசிறு வேண்டாம். அவ பாத்துக்கிட்டு இருக்கா. அம்புச் சுருள் இன்னும் பாதிக்கு மேல மிச்சம் இருக்கு.